பச்சைப் புள்ளி வாவிக்குள் இறங்கிய நாள்

லொறி ஒன்று வாவிக்குள் தாழ்ந்து போனாலும், அதன் எஞ்சின் தண்ணீருக்கு அடியில் ஓடிக்கொண்டேயிருக்கும் என்று ஒரு முற்பகல் முழுவதும் நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன்.

ஆதாரம் என் மேசையில் இருந்த கணினித் திரை. எங்கள் கொம்பனி வாகனங்கள் எல்லாம் அதில் புள்ளி புள்ளியாக ஊர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் ஓடினால் புள்ளி பச்சை, நின்றால் சிவப்பு. அன்று மற்றப் புள்ளிகள் எல்லாம் மரியாதையாகத் தரையில் நிற்க, ஒன்று மட்டும் வரைபடத்தின் நீல நிறத்துக்குள், மட்டக்களப்பு வாவியின் நட்டநடுவில், பச்சைப் பசேலென்று நின்றது.

நீலம் என்றால் தண்ணீர். பச்சை என்றால் எஞ்சின் ஓடுகிறது. கதவில் 'மனேஜர்' என்று பலகை மாட்டிக்கொண்டிருக்கிறவன் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டாமா? கூட்டினேன். சாரதி தண்ணீருக்கு அடியிலும் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை என்று விடை வந்தது. எப்பேர்ப்பட்ட கடமையுணர்ச்சி என்று ஒரு கணம் புல்லரித்தது. அடுத்த கணம்தான், அந்தச் சாரதி என் மனைவியின் தம்பி என்பது நினைவுக்கு வந்தது.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய டயர் கதையை வாசித்துவிட்டு ஏறாவூர் வாசகர் ஒருவர், "நீங்கள் உண்மையிலேயே மனேஜர்தானா?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய சந்தேகம் இந்தக் கிழமையோடு தீர்ந்துவிடும்.

நுவரெலியாவும் மச்சானும்

எங்களுடையது ஐஸ்கிறீமும் யோகட்டும் விற்கிற கொம்பனி. வாகனங்களுக்கு இலக்கம் உண்டு. ஆனால் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் சாரதிகள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்குப் பெயர்தான் வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு முன் நெடுநேரம் இருமுகிற பழைய வாகனம் 'காசக்காரன்'. கதவு தானாகத் திறந்துகொள்ளும் வேன் 'வாங்கோ'. புதிதாக வந்த குளிர்ப்பெட்டி லொறிக்குப் பெயர் வைக்க யாரும் யோசிக்கவேயில்லை. பின்கதவைத் திறந்ததும் குப்பென்று வந்த குளிரில் எல்லோரும் ஒரே குரலில், மலைநாட்டுக் குளிர் ஊரின் பெயரால், 'நுவரெலியா' என்றுவிட்டார்கள்.

நுவரெலியா வந்த நாளில் சாரதி சசி பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தான். எங்கள் கராஜ் பொறுப்பாளர் காத்தான்குடி றபீக் காக்கா பொனற்றில் கைவைத்து ஓதி ஊதினார். இவ்வளவு பாதுகாப்போடு வேறெந்த லொறியும் இந்த மாகாணத்தில் ஓடியிருக்காது.

சசி என் மச்சான். என் மனைவி வதனியின் ஒரே தம்பி. அவனுக்கு வேலை கொடுக்கச் சொல்லி வதனி கேட்கவில்லை. ஒரு கிழமை முழுக்கக் கறிக்கு உப்புப் போடவில்லை, அவ்வளவுதான். வேலையில் சேர்ந்த அன்று அவனைக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டேன்.

"வீட்டிலதான் அத்தான். இஞ்ச சேர். விளங்கிச்சா?"

"விளங்கிச்சு அத்தான்."

"சசி!"

"விளங்கிச்சு சேர்."

பிறகு ஒருநாளும் அவன் பிசகவில்லை. காலை எட்டு மணிக்கு என் வீட்டுக் குசினியில் புட்டுச் சாப்பிடும்போது அத்தான், அரை மணித்தியாலத்தில் கந்தோர் வாசலில் சேர். நடுவில் வருகிற பாலத்தில் உறவு மாறிவிடும்.

தமிழில் பேசுவோம்

இங்கே என்னுடைய ஒரு பெருமையைச் சொல்ல வேண்டும். வாகனங்கள் தினமும் போய்வர வேண்டிய வழித்தடங்களை எல்லோரும் 'ரூட்' என்றுதான் சொல்லிவந்தார்கள். ரூட் ஒன்று, ரூட் இரண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல தமிழ்ச் சொல் இருக்க ரூட் எதற்கு? சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினேன்: 'ரூட் என்னாதீர், பாதை என்பீர்!' அன்றிலிருந்து பாதை ஒன்று, பாதை இரண்டு. திரையில் ஒவ்வொரு பாதையும் ஒவ்வொரு நிறக் கோடு. கோட்டை விட்டுப் புள்ளி விலகினால் எனக்கும் தெரியும், கொழும்பில் இருக்கும் முதலாளிக்கும் தெரியும்.

சசியின் புள்ளி அடிக்கடி விலகும். ஆரையம்பதியில் ஒரு நண்பன், களுவாஞ்சிகுடியில் ஒரு தேத்தண்ணிக் கடை என்று அதற்கு நிறைய உறவுகள். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. அன்று காலையிலேயே அழைத்துச் சொல்லிவிட்டார்.

"மனேஜர், உங்கட மச்சான் எண்டு பாக்க மாட்டன். இன்னொருக்கா லைன விட்டு வெளிய போனா திறப்ப வாங்கிற்று வீட்ட அனுப்புங்க."

எங்கள் தொழிலில் சாரதியிடமிருந்து வாகனத்தின் திறப்பை, அதாவது சாவியை, வாங்குவதென்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். சசியின் வேலை போனால் கறியில் உப்பு போகும். உப்போடு நின்றால் பரவாயில்லை.

நான் திரையைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து நுவரெலியா கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி, செட்டிபாளையத்தில் ஒரு ஒழுங்கைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. உடனே போனை எடுத்தேன்.

"டேய், எங்க போறாய்? ஒழுங்கா பாதையால போ!"

"பாதையாலயா சேர்?"

"ஓம், பாதையாலதான்!"

"இந்த லொறியோடயா?"

"பின்ன? லொறிய விட்டுட்டு ஐஸ்கிறீமத் தலையில சுமந்துகொண்டா போகப்போறாய்?"

"பாரமெல்லோ சேர்?"

"பாரமெண்டா மெதுவாப் போ. பாதையால போ எண்டா போகணும். மறுகா எனக்கிட்டக் கேள்வி கேக்கக் கூடா."

"சரி சேர். உங்கட சொல்லு."

நிர்வாகம் என்றால் இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு இஞ்சித் தேத்தண்ணிக்குச் சொல்லியனுப்பினேன்.

"அத்தான்" என்றான்

தேத்தண்ணி ஆறிப்போகும் நேரத்துக்குள் புள்ளி நீலத்துக்குள் இறங்கிவிட்டது. முதலில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. பிறகு நின்றது. பச்சை மட்டும் மாறவில்லை.

படம் பிழை என்று நினைத்துத் திரையை அணைத்து மறுபடி போட்டேன். அதே நீலம், அதே பச்சை. அப்போது போன் அடித்தது. சசி. கச்சான் காற்று வீசும் இரைச்சலுக்குள் துண்டு துண்டாகக் குரல் வந்தது.

"அத்தான்... பாதை... நடுவில... தண்ணி... ஒண்டும் செய்ய ஏலா..."

அவ்வளவுதான். போன் செத்துவிட்டது.

வேலை நேரத்தில் அவன் என்னை 'அத்தான்' என்றுவிட்டான். தண்ணீரும் நீலமும்கூட என்னை அந்தளவு பயமுறுத்தவில்லை. சட்டம் போட்ட நாளிலிருந்து ஒருமுறையும் பிசகாதவன் 'அத்தான்' என்கிறான் என்றால், அது விடைபெறுதல் அல்லாமல் வேறென்ன? கதிரையை விட்டு எழும்பினேன். திரும்ப உட்கார்ந்தேன். மறுபடி எழும்பியபோது கதிரையும் கூடவே வந்தது. அதன் கைப்பிடிக்குள் என் இடுப்பு இறுகியிருந்தது.

முதலாளிக்கு அடித்தேன்.

"சேர், நுவரெலியா வாவிக்குள்ள போயிட்டு!"

"நுவரெலியாவிலயும் வாவி இருக்குத்தானே மனேஜர். எங்கட ஆக்கள் ஆரும் சுற்றுலா போனவங்களா?"

விளக்கினேன். அவர் மிக மெதுவாக, "லைன விட்டு வெளிய போற எண்டா, இப்பிடியுமா போவாங்க?" என்றார்.

வைத்த கையோடு வதனி.

"இஞ்சேருங்க, தம்பி போன் எடுக்கிறான் இல்ல. சாப்பாட்டுப் பாசல வீட்டிலயே வச்சிட்டுப் போயிட்டான். எங்க அவன்?"

"அவனா? அவன்... குளிக்கிறான்."

"வேல நேரத்தில எங்க குளிக்கிற?"

"வாவில."

வாயை மூடிக்கொண்டேன். போனையும் மூடினேன்.

பாலைவனத்தில் யாரும் தாழ்வதில்லை

ஒரு சிறிய விலகல். எனக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. இதற்கு முன் நான் வளைகுடா நாடொன்றில் வாகனம் அனுப்பும் வேலை பார்த்தேன். அங்கும் திரை, அங்கும் புள்ளிகள். ஆனால் வரைபடம் முழுக்க ஒரே மஞ்சள். மணலில் ஒரு புள்ளி நின்றால், சாரதி நிழலில் படுத்திருக்கிறான் என்று அர்த்தம். நிம்மதியான தொழில்.

அப்படியிருந்தும் ஒருநாள் அங்கே வேன் ஒன்று திருட்டுப்போய்விட்டதென்று பொலிசுக்கு அறிவித்தேன். திரையில் அது தெரியாத ரோட்டில் தெரியாத திசையில் பறந்துகொண்டிருந்தது. பொலிஸ்காரர் "நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான், நானே அந்த வேனின் முன்சீற்றில் உட்கார்ந்து வேறொரு கிளைக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஆகவே வாசகர்களே, என்னிடம் நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள். அது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

காற்றடைத்த ரியூப்

கராஜுக்கு ஓடினேன். றபீக் காக்கா ஏதோ ஒரு வாகனத்துக்கு அடியில் கிடந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எஞ்சின் ஓடுதா?" என்றன கால்கள்.

"ஓடுது காக்கா. பச்சை காட்டுது."

காக்கா வெளியே வந்து உட்கார்ந்தார். "தம்பி, ஒரு போத்தல் தண்ணி உள்ள போனாலே நிண்டு போற எஞ்சின். வாவியே உள்ள போயும் ஓடுதெண்டா, அந்தக் கொம்பனிக்காரனுக்கு நாம பரிசு குடுக்கணும்."

"பகிடி விடாதீங்க காக்கா. சசி உள்ள இருக்கான்!"

அவர் முகம் மாறியது. பகிடியை அதோடு விட்டுவிட்டார். அடுத்த நிமிடம் நாங்கள் இழுவை பிக்கப்பில் ஏறிக் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தோம். மீட்புப் பணிக்கென்று நான் ஏற்றிய சாமான்கள்: இழுவைச் சங்கிலி, முதலுதவிப் பெட்டி, ஒரு குடை, லொறி டயர் ரியூப் ஒன்று. ரியூபைக் கராஜிலேயே காற்றடித்துவிட்டதால் பிக்கப்பின் பின்பக்கம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. காத்தான்குடியைத் தாண்டும்போது ஒரு மேட்டில் துள்ளி ரோட்டில் விழுந்து, எங்களுக்கு முன்னால் உருண்டுபோகத் தொடங்கியது. மச்சானை மீட்கப் போகிறவன் முதலில் ரியூபை மீட்டான்.

வழி முழுக்க என் கண் போனிலேயே இருந்தது. அதிலும் அந்தத் திரை தெரியும். பச்சை அசையவில்லை. எனக்குள்ளே ஒரு குரல், "உள்ளே காற்று இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் அவனுடைய புட்டுக் கோப்பைதான் கண்ணுக்குள் நின்றது. காலையில் கழுவாமல் வைத்துவிட்டுப் போனதற்கு ஏசியிருந்தேன்.

தலையைத் தூக்குங்க

புள்ளிக்கு ஆகக் கிட்டிய கரை எதுவென்று போன் காட்டியது. போய்ப் பார்த்தால் கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு மூலை. வாவி இலைகளுக்கு அப்பால் மினுமினுத்ததே தவிர எதுவும் தெரியவில்லை. அங்கே தோணி ஒன்றில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், அவசரம்! எங்கள உள்ள கொண்டு போங்க!"

அவர் என்னையும், ரியூபையும், குடையையும் பார்த்தார். "பாதைக்கா போகணும்?"

"பாதைக்கு என்னத்துக்கு? பாதையாலதான் இவ்வளவு தூரம் வந்த நாங்க. வாவிக்குள்ள விடுங்க!"

அவர் கோலை ஊன்றித் தள்ளினார். றபீக் காக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். ரியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி ஓதத் தொடங்கிவிட்டார். நான் போனில் மூக்கைப் புதைத்துக்கொண்டு வழிகாட்டினேன்.

"நேர... கொஞ்சம் சோத்துக்கைப் பக்கம்... நேர... கிட்டிட்டம்... மெதுவா, மெதுவா! கீழ பாருங்க, கூரை ஏதும் தெரியுதா?"

"எந்தக் கூரை?"

"லொறிட கூரை! இஞ்சதான், சரியா இந்த இடத்திலதான்! எங்களுக்குக் கீழதான் இருக்கு!"

"சேர்," என்றார் அவர். "தலையத் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன்.

எனக்கு மேலே, கையெட்டும் தூரத்தில், நுவரெலியா நின்றது. தண்ணீருக்கு மேலே, காய்ந்த டயர்களோடு, குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருக்க. அதன் படியில் சசி உட்கார்ந்திருந்தான். கையில் வனிலா.

பாரம் குறைக்கும் பணி

மட்டக்களப்புக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: எங்கள் பக்கத்தில் பாதை இரண்டு வகை. ஒன்று தரையில் கிடக்கும். மற்றது தண்ணீரில் மிதக்கும். இரும்பு மிதவைகளுக்கு மேல் தட்டு அடித்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சிறு வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு, கடலோரமான எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையில் போய்வருகிற அந்தப் படகுத் தட்டுக்கும் பெயர் பாதைதான். வதனியும் சசியும் படுவான்கரைக்காரர். அங்கே பிறந்தவனிடம் 'பாதையால போ' என்றால் அவனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

வெயில் காலம், வாவி வற்றியிருந்தது. நுவரெலியாவின் பாரத்தில் பாதை நடுவாவியில் ஒரு மணல் மேட்டில் ஏறி இறுகிவிட்டது. சசியின் போனில் சார்ஜ் இல்லை. ஐஸ்கிறீம் உருகக்கூடாதென்று அவன் எஞ்சினை நிறுத்தவில்லை. ஆகவே பச்சை.

பாதையில் இருந்தவர்கள் எல்லோர் கையிலும் ஐஸ்கிறீம். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஒரு ரீச்சர், கோழிக்கூட்டைக் காலுக்குள் வைத்திருந்த ஒரு அம்மா, பாதையை ஓட்டுகிற ஐயா, எல்லோரும் நக்கிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், என்னடா இது?" என் குரல் அழுகைக்கும் ஏச்சுக்கும் நடுவில் எங்கோ நின்றது.

"பாரம் கூடிற்று எண்டாங்க அத்தான். அதான் பாரத்தக் குறைக்கிறம்."

றபீக் காக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார்.

"மனே, பெட்டிக்குள்ள இருந்த பாரம் வயித்துக்குள்ள போயிருக்கு. வயிறு எங்க இருக்கு? பாதையில. அப்ப எங்க குறைஞ்ச?"

சசி யோசித்தான். கோழிக்கூட்டு அம்மா, "அதத்தான் நானும் ரெண்டாவது கப்பில யோசிச்ச" என்றார்.

பாதையில் ஏறிச் சசியைக் கட்டிப்பிடிக்க நினைத்து எழும்பினேன். தோணி ஆடியது. விழுந்தேன். "ஐயோ, ஐயோ!" என்று கையைக் காலை அடித்து, வாவித் தண்ணீரில் பாதியைக் குடித்து, "ரியூபப் போடுங்க!" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை.

"எழும்பி நில்லுங்க சேர்," என்றார் தோணிக்காரர்.

எழும்பி நின்றேன். தண்ணீர் தொடைவரைக்கும் இருந்தது.

காக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, இதுக்குள்ள லொறி தாழ வேணுமெண்டா முதல்ல கிணறு வெட்டணும்."

நான் நிற்பதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் வழி தெரிந்தது. ஒவ்வொருவராகப் பாதையிலிருந்து இறங்கினார்கள். ரீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். வயிறுகள் எல்லாம் இறங்கியதும் பாதை கொஞ்சம் அசைந்தது. எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். கூட்டுக்குள்ளிருந்த கோழி உற்சாகப்படுத்தியது. மணலில் ஒரு முனகல், பிறகு வழுக்கல், நுவரெலியா ஒரு மகாராணிபோல மிதந்து போயிற்று.

திறப்பு

படுவான்கரையில் ஏறியதும் முதலாளிக்கு அடித்தேன். போன் காக்காவுடையது. என்னுடையது வாவிக்குள். சசி பக்கத்தில், கையில் லொறித் திறப்போடு, முகம் செத்துப்போய் நின்றான். எதற்காக அந்தத் திறப்பைக் கையில் எடுத்து வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

"லொறியும் ஆளும் சுகம் சேர். பாதையில ஏத்தி, மணல் மேட்டில இறுகிட்டு, அவ்வளவுதான்."

"அந்த லொறியக் கொண்டுபோய்ப் பாதையில ஏத்தச் சொன்ன ஆரு?"

சசி என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அக்காள் புருஷனைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. நான் இருமினேன். காசக்காரன் தோற்றுப்போகிற இருமல்.

"நான்தான் சேர்."

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. ஏசப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து தூரப் பிடித்தேன். அது சிரிப்பு. அடக்கி அடக்கி, பிறகு அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு.

"திறப்பு அவனிட்டயே இருக்கட்டும் மனேஜர். பூட்ட வேண்டியது உங்கட வாயத்தான். நாளைக்கு முதல் வேலையா அந்தச் சுவரில ஒட்டினதக் கழட்டுங்க. இனி ரூட் எண்டே சொல்லுவம்."

சசி திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். "தாங்ஸ் சேர்," என்றான். உறவு பழையபடி மாறிவிட்டது.

வீட்டுக்குப் போனபோது வதனிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நனைந்த சப்பாத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கறியில் உப்பு சரியாக இருந்தது. கொஞ்சம் கூடவும் இருந்தது, சிரிப்பில் கை தவறியிருக்கும்.

"செட்டிபாளையத்தில பிறந்து, பாதையில ஏறி வந்துதானே என்னப் பொம்புள பாத்தீங்க?" என்றாள். "பாதை எண்டா என்னெண்டு மறந்து போச்சா?"

லொறி தாழவில்லை. சாரதி கோட்டை விட்டு விலகவுமில்லை. நான் பாதையால் போகச் சொன்னேன். அவன் பாதையால் போனான்.